கவுனி அரிசியும் கருப்பட்டியும் கிராஃப்ட் பீருக்கு ஏற்றவையா? செட்டிநாட்டிலிருந்து ஒரு கேள்வி

காரைக்குடி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியைச் சேர்ந்தவன். பணியின் பொருட்டுப் பெங்களூருவில் வசிக்கிறேன். இங்குள்ள மைக்ரோ புரூவரிகளில், விற்கும் இடத்திலேயே சிறிய அளவில் தயாரித்துத் தரும் கிராஃப்ட் பீரைச் சுவைக்கத் தொடங்கியதிலிருந்து அதன் செய்முறையிலும் வரலாற்றிலும் எனக்குப் பெரும் ஈடுபாடு உண்டாகியிருக்கிறது. கோதுமை, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எனப் பெல்ஜிய மரபில் வந்த பொருள்களோடு நம் நாட்டு மாம்பழத்தையும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். அப்படியிருக்க, நம் வீட்டுத் திருமணங்களில் தவறாமல் பரிமாறப்படும் கறுப்புக் கவுனி அரிசியையும் பனங்கருப்பட்டியையும் ஏன் யாரும் கையில் எடுக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி எழுகிறது.

கவுனி அரிசி இதற்குப் பொருந்துமா, பொருந்தினால் அதன் நிறமும் மணமும் நொதித்த பிறகும் நிற்குமா என்பதை அறிய விரும்புகிறேன். தானியத்தை நொதிக்கவைத்துப் பருகும் வழக்கம் நம் பகுதியில் முன்பு இருந்ததா என்பதையும், மேலைநாடுகளில் கிராஃப்ட் பீரைச் சுற்றி உருவாகியிருக்கும் குழுக்களைப் போல ஒன்றைக் காரைக்குடியில் சட்டத்துக்கு உட்பட்டு நடத்த இடமிருக்கிறதா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தேவகோட்டை மால்ட்:

வணக்கம் தம்பி. நான் தேவகோட்டைக்காரன், கர்நாடகத்தில் பீர் தயாரிப்புத் தொழிலில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

பீருக்கு அடிப்படை மாவுச்சத்து அன்று, அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள்தாம் (என்சைம்கள்). பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலும் வளராதபடி சூட்டில் உலர்த்தும்போது அந்த நொதிகள் தானியத்துக்குள் தங்கிவிடுகின்றன. அதைத்தான் மால்ட் என்கிறோம். உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 62 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். சூடு குறைந்த பக்கம் இருந்தால், சர்க்கரையை மதுச்சத்தாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரை மிகுந்து பீர் வறண்ட சுவையுடன் அமையும்; சூடு கூடிய பக்கம் இருந்தால் உண்ணப்படாத சர்க்கரை எஞ்சி வாயில் கனம் தெரியும். இந்த ஐந்தாறு டிகிரிக்குள்தான் தயாரிப்பவரின் கைத்திறம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

முளைகட்டாத அரிசியில் இந்த நொதிகள் போதிய அளவில் இல்லை. அரிசி மாவுச்சத்து குழைவதற்குப் பார்லியைவிடக் கூடுதல் சூடும் தேவை. ஆகவே கவுனியை நொய்யாக உடைத்துத் தனியே கஞ்சியாகக் காய்ச்சி, பிறகு பார்லி மால்ட்டோடு கலக்க வேண்டும். பார்லியின் நொதிகள் அரிசியின் மாவுச்சத்தையும் சேர்த்து மாற்றிவிடும். தொல்லை வேறோர் இடத்தில் வருகிறது. கவுனி ஒட்டும் தன்மையுள்ள அரிசி. அதற்கு உமியும் இல்லை. சாற்றை வடிக்கும்போது பார்லியின் உமிதான் வடிகட்டியாக நிற்கிறது. கவுனியின் பங்கு மிகுந்தால் கொப்பரையின் அடியில் பசைபோல் அடைத்துக்கொண்டு சாறு இறங்காது.

கருப்பட்டியைப் பொறுத்தவரை, அதிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்பதால் ஈஸ்ட் அதை ஏறக்குறைய முழுவதுமாக உண்டுவிடும். எஞ்சுவது இனிப்பன்று, பனையின் புகைமணமும் தாதுச் சுவையுமே. அளவு கூடினால் மதுச்சத்து ஏறி, வாயில் கனம் தெரியாத பீராகிவிடும். கொதிக்கும் சாற்றில் தொடக்கத்திலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்பதால், நொதித்தலின் வேகம் தணிந்த பிறகு கரைத்துச் சேர்ப்பதே நல்லது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். செக் நாட்டின் பில்சன் நகரத்தில் தாது குறைந்த மென்னீர் கிடைத்ததால்தான் அங்கே 1842-இல் வெளிர்பொன் நிற லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர் வகை) பிறந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் மிகுந்திருந்ததால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு எடுப்பாகத் தெரியும் ஏல் (சற்றுக் கூடிய சூட்டில் நொதிக்கும் பீர்) வகை அங்கே சிறந்தது. ஓட்டுக்கூரையின் மழைநீரை முற்றத்தில் தேக்கியும், ஊருணி வெட்டியும் வாழ்ந்த நமக்கு, நீருக்கு நீர் சுவை வேறுபடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைநீர் பில்சன் நீரைப் போல மென்மையானது.

சிங்கம்புணரி ஆசிரியர்:

இரண்டாவது கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குச் செல்லும் வழியிலுள்ள வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதியில், தானிய மது தயாரிக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, அதில் முளையால் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயையுடைய சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். சுட்ட மீனோடு விருந்தினருக்குத் தருகிறார்கள். மேலே தேவகோட்டை நண்பர் எழுதியதை இதனோடு ஒப்பிட்டுப் படியுங்கள். அரிசியை முதலில் கஞ்சியாக்குவதும், சூடு தணிந்த பின் முளையைச் சேர்ப்பதும், கலந்து நொதிக்கவிடுவதும் அப்படியே பொருந்துகின்றன. நொதி என்ன என்று அறியாமலே, கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் பயன் கெடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இது தொண்டை நாட்டுச் செய்தி. நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமான சான்று வேண்டுமென்றால், பாரியின் பறம்பு மலையென்று கருதப்படும் பிரான்மலை எங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 120-ஆம் பாட்டில் கபிலர் அந்நாட்டின் வளத்தைப் பாடும்போது, தினை கொய்து, எள் முற்றி, அவரை காய்த்த பருவத்தில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலை (தெளிந்த மதுவை)ப் புல் வேய்ந்த குடிசைதோறும் கொடுத்து மகிழ்ந்ததைச் சொல்கிறார். அந்தத் தேறல் எதிலிருந்து ஆக்கப்பட்டது என்பதைப் பாட்டு குறிப்பிடவில்லை. ஆனால் அறுவடையை ஒட்டித் தயாரித்து வீடுவீடாகப் பகிர்ந்துகொண்டது தெளிவாகத் தெரிகிறது. குழு என்று தம்பி கேட்டதன் பழைய வடிவம் இதுவாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கண்டனூர் பெரியவர்:

தம்பிக்கு வணக்கம். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வம் மிகுந்த இளைஞர்கள் இதில்தான் சிக்கிக்கொள்வார்கள். மது பற்றிய அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, வீட்டுக்குள் சொந்தத் தேவைக்கு என்றாலும் குற்றமே. கள்ளுக்கே 1987 முதல் தடை இருக்கிறது. மைக்ரோ புரூவரிக்கு இங்கே வழியில்லை. கர்நாடகமும் புதுச்சேரியும் அனுமதிக்கின்றன. ஆகவே காரைக்குடியில் ஒரு சிறு கலம்கூட வைத்துச் செய்து பார்க்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் குழு அமைப்பதற்கு மது தேவையென்று யார் சொன்னது? அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்ய இடம் கொடுத்தார்கள், பீருக்குக் கொடுக்கவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட பிறகே வீட்டில் பீர் செய்வது கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றமில்லை என்றாயிற்று. அதற்குப் பின்புதான் அங்கே கிராஃப்ட் பீர் பெருகியது என்றாலும், விதை முன்பே விழுந்திருந்தது. ஃபிரிட்ஸ் மேடாக் 1965-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் நிறுவனத்தை மூடாமல் காப்பாற்றினார். ஜாக் மெக்காலிஃப் 1976-இல் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்னும் பீர் நிறுவனத்தைத் தொடங்கியபோது, குளிர்பானச் சாறு வந்த பழைய உருளைகளையே கலங்களாக்கிக்கொண்டார். அந்த நிறுவனம் 1982-இல் மூடப்பட்டாலும், அவருக்குப் பின்வந்த தலைமுறை அவரிடமிருந்தே துணிவு பெற்றது. இங்கிலாந்தில் 1971-இல் நால்வர் தொடங்கிய கேம்ரா இயக்கமோ பீர் தயாரிக்கவே இல்லை. பழைய முறையில் பீப்பாயிலேயே முதிரும் ஏல் அழிந்துவிடக் கூடாது என்று குரல் கொடுத்த பருகுவோரின் இயக்கம் அது. தயாரிக்காமலே ஒரு கலையைக் காக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் குவெய்க் என்னும் ஈஸ்டை மரவளையங்களில் உலர்த்தித் தலைமுறைகளாகக் காத்துவந்தார்கள். ஒரு வீட்டு ஈஸ்ட் கெட்டுப்போனால், நாம் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல அடுத்த பண்ணையில் வாங்கிக்கொண்டார்கள். அது 35 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் கெட்ட மணமின்றி நொதிக்கும் என்பதால், வெப்ப நாடுகளில் உள்ளவர்களுக்கு இன்று அதன்மேல் தனிக் கவனம் விழுந்திருக்கிறது.

நம் ஆட்கள் கொண்டுவிற்ற (கடல்கடந்து சென்று தொழில் செய்த) பர்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேல் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றிய மறு ஆண்டே, 1886-இல், மாண்டலேயில் பீர் தொழிற்சாலை வந்துவிட்டது. கவுனி அரிசியும் பர்மாவிலிருந்தே நமக்கு வந்ததென்பது செட்டிநாட்டு வழக்கு. அந்த அரிசி இங்கே நம் அடுப்பில் இனிப்பாக மட்டுமே நிலைத்தது.

கானாடுகாத்தான் ஆச்சி:

பீரைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது. கவுனியைப் பற்றித் தெரியும். இரவெல்லாம் ஊறவைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும். கொட்டினால் நிறமும் போகும், மணமும் போகும். தீட்டிய அரிசியை வாங்கிவிட்டு நிறம் வரவில்லை என்று வருந்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நிறம் முழுவதும் மேல்தோலில்தான் இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, நிழலில் உலர்த்தி வறுத்துக் குழந்தைகளுக்குக் கஞ்சி மாவு அரைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். ஆசிரியர் எழுதிய முளை அடையைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. குழு அமைத்தால், முளைகட்டும் பக்குவத்தை நான் கற்றுத்தருகிறேன்.

காரைக்குடி வாசகன்:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. காரைக்குடியில் முளைகட்டல், தானியம், நீர், இலக்கியச் சான்று ஆகியவற்றைப் பற்றிப் பேசும் மாதக் கூட்டமாகத் தொடங்கி, கவுனிப் பீருக்கான முயற்சியைப் பெங்களூருவில் உரிமமுள்ள இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆச்சி, உங்கள் உதவியைக் கட்டாயம் நாடுவேன். தேவகோட்டை அண்ணன், அவர்களிடம் என்ன அளவைச் சொல்லிக் கேட்பது, நிறம் நிற்குமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை மால்ட்:

நிறம் நிற்கும், ஆனால் மாறும். கவுனியின் நிறமிகள் புளிப்பில் சிவப்புப் பக்கம் சாய்பவை. நொதித்து முடிந்த பீர் புளிப்பானது என்பதால், கருநீலத்தை எதிர்பார்க்காமல் மாதுளைச் சிவப்பை எதிர்பாருங்கள். ஆச்சி சொன்ன ஊறல் நீரைக் கஞ்சி காய்ச்சவே பயன்படுத்தச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு எந்தத் தயாரிப்பாளருக்கும் பயன்படும். மொத்தத் தானியத்தில் கவுனி 20 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். மிச்சம் நிறம் வெளிறிய பார்லி மால்ட். வறுத்த மால்ட் வேண்டாம், அது கவுனியின் நிறத்தை மறைத்துவிடும். ஹாப்ஸின் கசப்பையும் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். கருப்பட்டியை இந்த முதல் முயற்சியில் சேர்க்க வேண்டாம். கவுனியின் மணம் தனியாக எப்படியிருக்கிறது என்பது தெரிந்த பிறகு, 5 விழுக்காட்டில் தொடங்கலாம்.