புதுப்பிப்பு: நிருபர் வேலையை விட்டு மக்கள் தொடர்புக்கு வந்து ஆறு மாதம்

நிருபர் வேலையை விட்டுவிட்டு மக்கள் தொடர்புத் துறைக்குப் போகலாமா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். போய்விட்டேன், சென்னையில் ஒரு சிறிய நிறுவனம்.

முதல் வாரமே சூடு பட்டது. ஒரு மிக்ஸி அறிமுகத்துக்கு நான் எழுதிய செய்திக்குறிப்பில் ‘புரட்சிகரமான’ என்ற சொல் மூன்று இடத்தில். விலையோ கடைசிப் பத்தியில். 60 நிருபர்களுக்கு அனுப்பினேன், ஒருவர்கூடப் போடவில்லை. பழைய சக நிருபர் போனில் சிரித்தார்: “உனக்கே இது வந்திருந்தால் குப்பையில்தானே போட்டிருப்பாய்?” உண்மைதான். அடுத்த குறிப்பில் விலையை முதல் வரிக்கே கொண்டுவந்தேன், மதியத்துக்கு முன்பே அனுப்பினேன். இரண்டு நாளிதழ்களில் வந்தது, ஒன்றில் படத்துடன்.

நெருக்கடி வந்தால் அறிக்கை எழுதித் தப்பிப்பதுதானே மக்கள் தொடர்பு வேலை என்று அந்தப் பதிவில் ஒருவர் குத்தியிருந்தார். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலக்கப்பட்ட டைலெனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களால் ஏழு பேர் இறந்தபோது, அதன் தாய் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி புட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்: வெறும் அறிக்கை போதாது, செயலில் காட்ட வேண்டும்.

சம்பளம் கூடியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பறிபோய்விட்டது. மாதிரிக் குறிப்பு கேட்டவர்களுக்கு, வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு இந்த வாரம் போடுகிறேன்.