மரக்கட்டையைச் சேர்த்தது அறியாமையா?

பிறைக்காரன்:
செந்தூல் தம்பி நேற்று எழுதியது இன்னும் உறுத்துகிறது. சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை, இதில் சேராதது எது என்று சோவியத் உளவியலாளர் லூரியா கேட்டாராம். மற்ற மூன்றும் கருவி, கட்டை மட்டும் கருவி இல்லை என்பது அவர் எதிர்பார்த்த விடை. படிக்காத உஸ்பெக் விவசாயி கட்டையை விலக்கவில்லையாம். ஆகவே சாதாரண மக்களின் பொதுப்புத்திக்குச் சிந்திக்கத் தெரியாது, இதில் மார்க்ஸுக்கு என்ன வேலை என்கிறார். கட்டை இல்லாமல் ரம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் நிபோங் திபால் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். பால்வெட்டும் உளி, பால் வடியும் மங்கு, வாளி, பால்மரம் நான்கையும் காட்டினால் என் அம்மா எதையும் விலக்க மாட்டார்.

செந்தூல் தம்பி:
அம்மாவை இழுக்காமல் பேசலாமே அண்ணே. லூரியா 1931, 32இல் போன ஊர்களில் ஓரிரு வருடம் பள்ளிக்குப் போனவர்கள் கட்டையை விலக்கினார்கள். படிப்பு மாற்றியது. அவ்வளவுதான் சொன்னேன்.

பிறைக்காரன்:
அவ்வளவுதானா? மேலே ஏறிப் படியுங்கள். அங்கே பள்ளி மட்டுமா வந்தது? கூட்டுப்பண்ணையும் வந்தது. வேலை மாறியது, புத்தி மாறியது. உலகத்தைச் சும்மா பார்க்கிற பொருளாக எடுக்காதே, மனிதர் செய்கிற செயலாக எடு என்று மார்க்ஸ் 1845இல் ஃபாயர்பாக் பற்றிய குறிப்புகளில் எழுதியது இதைத்தான். மனம் செயலில்தான் உருவாகிறது என்ற, லூரியாவின் சகா லியோன்டியேவின் செயல்பாட்டுக் கோட்பாட்டுக்கு அதுதான் வேர். அவர் சொன்ன வேட்டையில் ஒருவன் புதரை அடித்து விலங்கை விரட்டுகிறான். வேண்டியது இறைச்சி, செய்வதோ விரட்டுவது. அதைப் பிடிக்கக் காத்திருக்கும் கூட்டத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் அவன் பைத்தியக்காரன். ஏழு வயதில் நானும் அப்படித்தான். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு முடிந்ததும் அம்மாவுக்கு முன்னால் ஓடி, மங்கில் உறைந்து ஒட்டிய பாலை நகத்தால் உரித்துச் சாக்கில் போடுவேன். மங்கு சுத்தமாக இருந்து எனக்கு என்ன? எஸ்டேட் கணக்கர் கிராணி போடும் எடைக்காக, அந்தச் சம்பளத்துக்காக. கட்டையைச் சேர்த்தவரும் வேலையிலிருந்துதான் யோசித்தார்.

ஜோர்ஜ்டவுன் வாசகி:
இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷியை இருவருமே விட்டுவிட்டீர்கள். பொதுப்புத்தி பலதும் கலந்த குழப்பம், அதற்குள் நல்லறிவின் கருவும் உண்டு என்று சிறைக்குறிப்புகளில் எழுதினார். அண்ணே, "துரை இல்லாவிட்டால் நமக்குச் சோறு ஏது" என்று அம்மா சொல்வார் என நீங்களே முன்பு எழுதினீர்கள். அதுவும் அந்த வேலையிலிருந்து வந்ததுதானே?

பிறைக்காரன்:
அதை இங்கே கொண்டுவராதீர்கள். பேச்சு கட்டையைப் பற்றி.

செந்தூல் தம்பி:
பதில் இல்லையென்றால் உடனே கட்டை! போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்திலும் இப்படித்தான், என்னைப் பேசவே விடவில்லை.

பிறைக்காரன்:
அரை மணி நேரம் தாமதமாக வந்தது யார்? எல்லாரும் உங்களுக்காகத் தேநீர் ஆற உட்கார்ந்திருந்தோம். சரி, அதை விடுங்கள். கட்டையைச் சேர்த்தது சரியா, தப்பா?

செந்தூல் தம்பி:
கேட்ட கேள்விக்குத் தப்பு. தாமதம் அரை மணி இல்லை, பத்து நிமிடம். எல்ஆர்டி ரயில் நின்றுவிட்டது.

பிறைக்காரன்:
அந்தக் கேள்வியைக் கேட்டவர் ரம்பம் பிடித்தவரா? ரம்பம் எதை அறுக்கும், அதை மட்டும் சொல்லுங்கள் தம்பி.