யான் வான் டெ வெல்டேயின் மாதங்கள்: ஆட்கள் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறார்கள்?

கரிக்கோடு:
வணக்கம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் தளத்தில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கலைஞர் இளைய யான் வான் டெ வெல்டே போட்ட எட்சிங்குகளை, அதாவது செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அச்சிட்ட படங்களை, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1616, 1618 என்று பன்னிரண்டு மாதங்களுக்கு இரண்டு வரிசைகள், நடுவே 1617இல் நான்கு பருவங்கள் வேறு. ஒரே விஷயத்தை ஏன் இத்தனை தடவை போட்டார்? அப்புறம், மாதத்தின் பெயரைக் கீழே பொறித்துவிட்டு, அந்த மாதத்து வேலையைச் செய்கிறவர்களை ஒரு ஓரத்தில் சின்னதாக நிறுத்திவிடுகிறார். மரம், பாதை, வானம் இவைதான் பெரும்பாலும். இது வேண்டுமென்றே செய்ததா?

ஏட்டுப்பிரியன்:
வேண்டுமென்றேதான், ஆனால் அவர் தொடங்கி வைத்ததல்ல. மாதத்துக்கு ஒரு வேலை என்று வரைவது இடைக்கால ஐரோப்பாவின் ஜெபப் புத்தகங்களின் நாட்காட்டிப் பக்கங்களிலிருந்து வரும் பழைய வழக்கம். வைக்கோலுக்குப் புல் அறுப்பது, கதிர் அறுப்பது, நவம்பர் டிசம்பரில் பன்றி அடிப்பது என்று ஒழுங்காக வரும். நைமேகனில் பிறந்த லிம்பர்க் சகோதரர்கள் 1410களில் பிரான்சின் பெரி கோமகனுக்கு வரைந்த பக்கங்களைப் பாருங்கள், அங்கேயே பின்னால் நிலம் விரியத் தொடங்கிவிட்டது. பிறகு 1565இல் ஓவியர் ப்ரூகல் ஆன்ட்வெர்ப் வணிகர் ஒருவருக்காகத் தீட்டிய மாத ஓவியங்களில் மனிதர்கள் பருவநிலைக்குள் நடமாடுகிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். இதில் வேடிக்கை, அதே ப்ரூகல் வசந்தத்துக்கும் கோடைக்கும் வரைந்து கொடுத்து, ஹான்ஸ் பொல் மற்ற இரண்டையும் வரைந்து, 1570இல் ஹீரோனிமஸ் கோக் வெளியிட்ட அச்சு வரிசையில் ஆட்கள் மறுபடி முன்னால் வந்து நிற்கிறார்கள். வசந்தத்தில் தோட்டக்காரர்கள் பாத்தி கட்டுவதுதான் படமே. வான் டெ வெல்டே வேலை செய்த ஹார்லம் ஊர்க் கலைஞர்கள் அந்தத் தோட்டக்காரர்களைப் பின்னால் நகர்த்தினார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மணல்மேடு:
ஏன் இத்தனை தடவை என்பதற்கு என் பதில்: விற்றது. 1609இல் ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் வருகிறது, ஊருக்கு வெளியே நிம்மதியாக நடந்து போகலாம் என்ற நிலை. கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் ஹார்லமைச் சுற்றியிருக்கும் மணல்மேடுகளையும் வழித்தங்கல்களையும் ஒரு சிறு வரிசையாகப் போட்டது அதற்குச் சில ஆண்டுகளுக்குள்தான். அவரே ஆம்ஸ்டர்டாமின் கால்வர்ஸ்ட்ராட்டில் அச்சுக்கடை வைத்திருந்தவர், வான் டெ வெல்டேயின் பல வரிசைகளையும் அவர்தான் வெளியிட்டார். ஓவியம் வாங்க முடியாதவர்கூட அச்சு வாங்கலாம், ஒரு தாள் வாங்கியவருக்கு மிச்ச மாதங்களும் வேண்டும் என்று தோன்றும். வியாபாரம் என்று சொல்வதால் நான் இதைக் குறைத்துப் பேசவில்லை. வாங்க ஆள் இருந்ததால்தான் வெறும் பாதையும் வேலியும் குளிரும் ஒரு படத்துக்குப் போதுமான விஷயம் என்று ஆயிற்று, எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிகிறது.

தகடும் மையும்:
நான் எட்சிங் போடுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கோடு கிழித்து அமிலத்தில் போடுவோம். அமிலம் செம்பை அரிக்க அரிக்கக் கோடு ஆழமாகும், அச்சில் தடிமனாக விழும். தூரத்துக் கோடுகளைச் சீக்கிரமே வார்னிஷால் மூடிவிட்டு, முன்னால் இருக்கிற மரத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அரிக்க விட்டால் அடிவானம் தானாகவே பின்னுக்குப் போய்விடும். அதாவது இந்த முறையே தூரத்தைக் காட்டுவதற்கு வாகானது, தகட்டை நேரே செதுக்கும் செதுக்குளிக்கு அழுத்துகிற மாதிரி ஊசிக்குக் கையை அழுத்த வேண்டியதில்லை. வான் டெ வெல்டே சில கோடுகளைச் செதுக்குளியாலும் திருத்தி, நடுவில் தடித்து நுனியில் மெலிகிற மாதிரி கொண்டுவருவார், இலைக்கூட்டத்தில் அது நன்றாகத் தெரியும். குளிர்காலப் படத்தைத் தனியாகப் பாருங்கள்: பனிக்குக் கோடே கிடையாது, துடைத்த தகடும் வெள்ளைத் தாளும்தான், சுற்றியுள்ள மொட்டை மரக்கிளைகளின் கறுப்புதான் அந்த வெள்ளையைக் குளிர வைக்கிறது. ஆளைப் பெரிதாகப் போட்டிருந்தால் அந்த வெற்றிடம் கிடைத்திருக்காது.

கரிக்கோடு:
அந்தக் கடைசி வரிக்காகவே எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கப் போகிறேன். ஒரே படம் இரண்டு அருங்காட்சியகத் தளங்களில் வேறுவேறாக இருக்கிறதே, ஒன்றில் வானம் கிட்டத்தட்ட காலி?

தகடும் மையும்:
தகடு தேய்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை மை துடைக்கும்போதும் உருளையில் ஓட்டும்போதும் கொஞ்சம் போகும், மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். வெளியீட்டாளர் தகட்டை விற்றுவிட்டால் வாங்கியவர் கீழே தன் பெயரைப் பொறித்து மேலும் அச்சிடுவார், அதனால் கீழ் ஓரத்து எழுத்தையும் ஒப்பிடுங்கள். வானத்து இணைகோடுகளும் தூரத்துக் கோபுரமும் தெளிவாக இருக்கிற பிரதியையே வைத்துக்கொண்டு பாருங்கள்.