பெரியவன் வாயே திறப்பதில்லை, சின்னவள் ஊரைக் கூட்டுகிறாள். வலி எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெடிலக்கரை அம்மா:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் அடி. பெரியவனுக்கு 9 வயது, 24 கிலோ. மதில் சுவரிலிருந்து விழுந்து வலது முன்கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டு நாலு நாள் ஆகிறது. சின்னவளுக்கு மூன்றரை வயது, 13 கிலோ. கொதிக்கிற ரசம் தொடையில் கொட்டிவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங்.

அப்பா கேட்டால் பெரியவன் "ஒண்ணும் இல்லப்பா" என்கிறான். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தால், கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். சின்னவள் ஆட்டோ ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பும்போதே அலற ஆரம்பிக்கிறாள். அதில் எது வலி, எது பயம்? போன முறை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த துணியை அப்படியே உரித்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எலும்பு கூடும்போது வலிக்கத்தான் செய்யும், மருந்து கொடுத்துப் பழக்காதே" என்கிறார் மாமியார். வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் சிரப்பை இரண்டு பேருக்கும் 5 மில்லி கொடுக்கிறேன். பெரியவனுக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர், புதுச்சேரி:
தங்கச்சி, முதலில் இதைச் செய். பையனின் விரல்களைப் பார். நீலமாகவோ வெளுத்தோ இருக்கிறதா, மரத்துப்போகிறதா? நீ விரலை மெதுவாக நிமிர்த்தினால் துடிக்கிறானா? மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதே, உடனே அவசரப் பிரிவுக்குப் போ. கட்டுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டத்தை அமுக்கினால் சில மணி நேரத்தில் தசை கெட்டுவிடும்.

அதெல்லாம் இல்லை என்றால் மற்றதைப் பேசுவோம். நான் 22 வருடம் குழந்தைகள் வார்டில் இருந்தேன். கத்துகிற பிள்ளையைவிட, சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் படுத்திருக்கிற பிள்ளையிடம்தான் முதலில் போவேன். அசைந்தால் வலிக்கும் என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கும்.

எட்டு வயதுக்கு மேல் எண்ணே போதும். அப்பா இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்குமேல் முடியாது, இப்போது எவ்வளவு?" என்று கேள். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். வலிக்கிறது என்றால் ஊசி போடுவார்கள், மறுபடி கட்டுவார்கள் என்ற பயம் இந்த வயதில் நிறைய. சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. ஒரு நோட்டில் நேரம், எண், கொடுத்த மருந்து, ஒரு மணி நேரம் கழித்து எண் என்று எழுது. டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டு.

மூன்றரை வயதுக்கு எண் புரியாது. முகம் வரைந்த அட்டையைக் காட்டினால் சிரிக்கிற முகத்தையோ அழுகிற முகத்தையோ தொட்டுவிடும், நடுவில் எதையும் எடுக்காது. நான் நாலு கேரம் காய்களை வைத்துக்கொள்வேன். "ஒரு காய் என்றால் கொஞ்சூண்டு உவ்வா, நாலும் என்றால் ரொம்ப உவ்வா. உனக்கு எத்தனை?" என்பேன். அதோடு நீயும் பார்க்க வேண்டும். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, சமாதானமாகிறதா என்று ஐந்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 மதிப்பெண், மொத்தம் 10. 1997-இல் வெளிவந்த இந்த முறையை ஃபிளாக் என்பார்கள். இரண்டு மாதக் குழந்தையிலிருந்து ஏழு வயதுவரை பொருந்தும். 4 அல்லது அதற்கு மேல் போனால் சும்மா இருக்கக் கூடாது.

எது வலி, எது பயம் என்று கேட்டாய். பிரித்துக் கொண்டிருக்காதே, பயம் வலியை ஏற்றிவிடும். டிரெஸ்ஸிங்குக்கு முக்கால் மணி நேரம் முன்னால் மருந்து போயிருக்க வேண்டும். அது போதவில்லை என்றால் இன்னும் வலுவானதை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேள், கூச்சப்படாதே. பழைய துணியைச் சலைன் விட்டு நன்றாக ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல். படுக்கவைத்து அமுக்காமல் உன் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொள். சோப்புக் குமிழி ஊதச் சொல், ஊதும்போது மூச்சு தானாக நீளும். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதே. ஒரு தடவை பொய்யானால் அப்புறம் உன்னையே நம்பமாட்டாள். இந்த வயதில் வலியைத் தண்டனை என்று நினைக்கும். ரசத்தைக் கொட்டியதற்காக இது இல்லை என்று தினமும் சொல்.

மாமியாரைக் கோபிக்காதே. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பி, அரைகுறை மயக்கத்தில் ஆபரேஷன் செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன ஆனந்த் 1987-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அது மாறியது.

நெல்லிக்குப்பம் மருந்துக்கடை:
அக்கா, உங்கள் பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் பையனுக்குப் பாதி மருந்துதான் போகிறது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 24 கிலோவுக்கு 240 முதல் 360. அவனுக்கு 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் இருக்கிற சிரப் வாங்குவது சரி. ஆனால் அதே பாட்டிலிலிருந்து பாப்பாவுக்கு 5 மில்லி கொடுத்துவிடாதீர்கள், அவளுக்கு 3 மில்லியே 150 ஆகிவிடும். பாட்டில்களில் பேர் எழுதி ஒட்டுங்கள். ஸ்பூன் வேண்டாம், மில்லி கோடு போட்ட மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. சளி மருந்திலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்தைக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். காய்ச்சல் இருந்து டெங்கு சந்தேகம் என்றால் அதைத் தொடவே கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011-லேயே தடை, பழைய பாட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

முத்தியால்பேட்டை அப்பா:
என் மகனுக்கு 12 வயது, மூளை முடக்குவாதம், பேச்சு கிடையாது. சிஸ்டர் சொன்ன ஐந்து விஷயமும் அவனுக்கு அப்படியே பொருந்தாது. சாதாரணமாகவே கால் விறைப்பாகத்தான் இருக்கும். வலி வந்தால் எப்போதும் போடுகிற 'ம்ம்ம்' ராகத்தை நிறுத்திவிட்டு மணிக்கட்டைக் கடிப்பான். பல்வலியை இப்படித்தான் நாங்கள் கண்டுபிடித்தோம், அதுவும் மூன்று நாள் தாமதமாக. இப்போது அவனுடைய அடையாளங்களை ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதிய டாக்டர் யாராக இருந்தாலும் அதை முதலில் காட்டுகிறேன்.

கெடிலக்கரை அம்மா:
சிஸ்டர், விரல் எல்லாம் சிவப்பாக, சூடாக இருக்கிறது, நிமிர்த்தினாலும் சரியாகவே இருக்கிறான். மருந்துக்கடைத் தம்பி சொன்னது உண்மைதான், 120 பாட்டில். டாக்டருக்குப் போன் செய்து கேட்டு 250 வாங்கிவிட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் மட்டும் இருக்கும்போது கேட்டேன். "ஏழும்மா" என்றான். நாலு நாளாக ஏழா என்று கேட்டேன், தலையை ஆட்டினான். பத்து மணிக்கு மூன்று என்றான், அப்புறம் தூங்கிவிட்டான்.

பாப்பாவுக்கு நாளைக் காலை டிரெஸ்ஸிங். கேரம் காய் கிடைத்தது, சிவப்பைத் தனக்கே வைத்துக்கொண்டாள். சலைன் பாட்டிலை நானே வாங்கிப் போகலாமா சிஸ்டர், இல்லை அங்கேயே கேட்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர், புதுச்சேரி:
அங்கேயே கேள், வைத்திருப்பார்கள். பத்து நிமிடமாவது ஊறட்டும், அவசரப்படுத்தினால் விடாதே. மருந்தை வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடு.