"உமக்குச் சித்தமானால்" என்று சொல்லிவிட்டோம், அப்புறம்?

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் வேறு ஊருக்குக் குடிபெயர முடிவெடுத்தோம். கணவருக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளின் பள்ளி, வாடகை வீடு, சாமான் ஏற்ற வண்டி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி, முடிந்ததை டிக் அடித்துக்கொண்டே வந்தேன். ஜெபமும் செய்தேன். ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் "உமக்குச் சித்தமானால்" என்று சொல்லத் தவறியதில்லை. புறப்படப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாங்கள் போகவில்லை, அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் எட்டு மாதம் கூடத்திலேயே கிடந்தன. போர்வை வேண்டுமென்றால் ஒரு பெட்டியின் டேப்பைக் கிழிப்பேன். இஸ்திரிப்பெட்டி வேண்டுமென்றால் இன்னொன்றை. மொத்தமாகப் பிரித்து அடுக்க மட்டும் மனம் வரவில்லை.

ஒரு நாள் அந்த நோட்டு கையில் அகப்பட்டது. உட்கார்ந்து புரட்டினேன். எல்லாவற்றையும் நானே முடிவு செய்து, கடைசிப் பக்கத்தை மட்டும் ஆண்டவரிடம் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் "வேண்டாம்" என்று சொல்ல நான் இடமே வைக்கவில்லை.

இன்னொன்று. உங்களை நிறுத்தத்தான் கர்த்தர் இந்த நோயை அனுமதித்தார் என்று ஆறுதலாகப் பலர் சொன்னார்கள். அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும். ஏன் நடந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே அவரை நம்ப முடிகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

* * *

சகோதரி, நீங்கள் கையெழுத்து கேட்டீர்கள். நான் அடையாளம் கேட்டேன்.

இளம் வயதில் எனக்கு ஒரு வேலைக்கு அழைப்பு வரவேண்டியிருந்தது. "சனிக்கிழமைக்குள் வந்தால் உம்முடைய சித்தம், வராவிட்டால் இல்லை" என்று ஜெபித்தேன். வேதத்தில் கிதியோன் என்பவன், இஸ்ரவேலரை மீட்க ஆண்டவர் தன்னைத்தான் அனுப்புகிறாரா என்று பார்க்க, இரவில் ஆட்டுத்தோலைப் போட்டு, அதில் மட்டும் பனி பெய்யவேண்டும் என்று அடையாளம் கேட்டானே, அதுபோல. அழைப்பு திங்கட்கிழமை வந்தது. மறுத்துவிட்டேன். வீட்டில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வேலையை நம்பி அவர் வாங்கியிருந்த கடன் எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

பல வருடம் கழித்து எங்கள் போதகர் நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை என்னை முழுதாக வாசிக்கச் சொன்னார். கிதியோனுக்கு என்ன செய்யவேண்டும் என்பது 14ஆம் வசனத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. தோலைப் போடுவது 36ஆம் வசனத்துக்குப் பிறகுதான் வருகிறது. சித்தத்தைத் தெரிந்துகொள்ள அவன் அதைச் செய்யவில்லை. தெரிந்த சித்தத்துக்குக் கீழ்ப்படியப் பயந்துதான் செய்தான். ஆண்டவர் பொறுமையாக இரண்டு முறையும் பதில் தந்தார், அது அவருடைய இரக்கம். நானோ அதை ஒரு வழிமுறையாகவே எடுத்துக்கொண்டு, அவருக்கே கெடு வைத்தேன்.

இப்போது எனக்குப் பிடித்த இடம் அப்போஸ்தலர் 16. அப்போஸ்தலன் பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியாவில் (அன்று அது ஒரு ரோம மாகாணத்தின் பெயர்) வசனத்தைச் சொல்லப் பார்க்கிறார்கள், ஆவியானவர் தடை செய்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அங்கேயும் விடவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான், மக்கெதோனியா நாட்டான் ஒருவன் "இங்கே வந்து உதவுங்கள்" என்று அழைக்கிற தரிசனம். அதுவரை அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார்கள். நடந்தவர்களைத்தான் அவர் திருப்பினார். முடிவெடுக்கப் பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் காட்டுகிறேன்: வேதம் அனுமதிக்கிற வழியா, பெரியவர்களிடம் கேட்டாயா, ஜெபித்தாயா, அப்படியானால் நட.

உங்கள் மாமியாருக்குப் பேச்சு திரும்பியதா? அதை எழுதவில்லையே.

* * *

ஐயா சொல்வது சரிதான். ஆனால் நடக்க வழியே இல்லாமல் காத்திருக்கிறவர்கள் என்ன செய்வது?

எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. ஜெபிக்க வருகிற எல்லோரும் எரேமியா 29:11ஐத்தான் கொடுப்பார்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நான்கு வாழ்த்து அட்டைகளில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு அழுகையும் கோபமும் வரும்.

ஒரு இரவு தூக்கம் வராமல் அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். 10ஆம் வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது! கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? அவர்களுக்கும் சேர்த்துத்தானே அந்த வாக்குத்தத்தம். அதற்கு முன்னால், 5ஆம் வசனத்தில், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறார். வராத நாளுக்காக இருக்கிற நாளை மூட்டை கட்டி வைக்காதே என்று எனக்கே சொன்னது போலிருந்தது.

நான் என்னவெல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தேன் தெரியுமா? பாதியில் விட்ட படிப்பு. "குழந்தை வந்துவிட்டால் எப்படிப் படிப்பது" என்றே ஆறு வருடம் போயிருந்தது. பூட்டியே வைத்திருந்த ஒரு அறை. படிப்பை முடித்தேன். அந்த அறையில் இப்போது சனிக்கிழமைதோறும் பதினோரு பிள்ளைகள் கணக்குப் படிக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி சுவரில் பென்சிலால் வாய்ப்பாடு எழுதிவிட்டுப் போயிருந்தாள். அழிக்கவில்லை.

இன்னும் காத்திருக்கிறோம். இன்னும் கேட்கிறோம். கேட்பதை விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடு நீங்கவேண்டும் என்று இயேசுவே கேட்டார் அல்லவா, அதற்கு அப்புறம்தானே "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார்.

* * *

சுருக்கமாக ஒன்று. நான் தொழில் செய்கிறவன். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் 4:13 வியாபாரிகளைப் பார்த்தே பேசுகிறது: இந்தப் பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருடம் தங்குவோம், லாபம் சம்பாதிப்போம். திட்டம் போட்டதை யாக்கோபு தப்பு சொல்லவில்லை. ஒரு வருடம் உயிரோடிருப்போம் என்று தாங்களாகவே எடுத்துக்கொண்டதைத்தான் கேட்கிறார். அதைப் படித்த பிறகு, நான் இல்லாமல் போனால் யாருக்கு என்ன பாக்கி, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று எழுதி மனைவியிடம் கொடுத்து வைத்தேன். என்னைப் பொறுத்தவரை "சித்தமானால்" என்பதில் அதுவும் சேர்ந்ததுதான்.

* * *

ஐயா, அத்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஐந்தாவது மாதம் வரை "ஆ" என்ற சத்தம் மட்டும்தான். பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், சொந்தமாகப் பேச முடியாதவர்களுக்குக்கூட மனப்பாடமான பாட்டும் ஜெபமும் சில சமயம் வரும், விடாமல் சொல்லிப் பாருங்கள் என்றார். அதனால் தினமும் இரவு அவர்களுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்வேன். உண்மையைச் சொன்னால், மனம் ஒட்டாமல்தான் சொன்னேன். பெட்டிகள் கண்ணெதிரே இருந்தன.

ஒரு இரவு "உம்முடைய ராஜ்யம் வருவதாக" வரை சொல்லிவிட்டு, களைப்பில் நிறுத்திவிட்டேன். கண்ணை மூடியபடியே அத்தை தொடர்ந்தார்கள். குழறலாக, மெதுவாக, ஆனால் தெளிவாகப் புரிந்தது: "உம்முடைய... சித்தம்..." பூமியிலேயும் செய்யப்படுவதாக என்பது வரை வந்து நின்றார்கள். மிச்சத்தை இருவரும் சேர்ந்து சொன்னோம்.

மறுநாள் காலை பெட்டிகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆனது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் போர்வைகளை மடித்துக் கொடுத்தார்கள்.