ராஜராஜன் செப்புக் காசில் வெளிர்பச்சைப் புள்ளி: எப்படி நிறுத்துவது? (செப்புக்காசு, களிம்பு, நாணயப்பேழை என்ற புனைபெயர்களில் மூவர் உரையாடல்)

செப்புக்காசு:
முதலாம் ராஜராஜன் செப்புக் காசு நான்கு. ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும். எல்லாம் ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையில் இருந்தவை. மழைக்காலம் முடிந்ததும் பார்த்தால், இரண்டில் ஊசிமுனை அளவு வெளிர்பச்சைப் புள்ளிகள். தொட்டால் மாவாக உதிர்கிறது. மற்ற இரண்டில் பச்சைப் பிசுக்கு. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்கள். தேய்க்கலாமா?

களிம்பு:
புளி வேண்டவே வேண்டாம். பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த காசில் எழுத்தின் நுணுக்கம் பெரும்பாலும் களிம்புப் படலத்தில்தான் நிற்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்தால் எழுத்தும் போய்விடும். உப்பும் சேர்த்துத் தேய்த்தால் நோய்க்கு நாமே தீனி போட்டதாகும்.

மாவாக உதிர்வது வெண்கல நோய். பெயர்தான் வெண்கலம், தனிச் செம்பிலும் வரும். மண்ணிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பாகக் களிம்புக்கு அடியில் தங்கிவிடுகிறது. ஈரமும் காற்றும் பட்டால் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. அப்போது பிறக்கும் அமிலம் அடுத்த செம்பைத் தின்கிறது. அதனால்தான் துடைத்தாலும் அதே குழியில் திரும்ப வருகிறது. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக ஒட்டியிருப்பது நல்ல களிம்பு, அதைத் தொடாதீர்கள்.

சந்தேகமிருந்தால் ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சு காசில் படாமல், ஒருநாள் வையுங்கள். புதுப் புள்ளி முளைத்தால் நோய்தான். முளைத்திருக்கும் காசுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

நாணயப்பேழை:
பிசுக்கு வேறு கதை. அது பி.வி.சி. என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் உறையின் வேலை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிகிறது, உறை சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வருகிறது. புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் உறை என்றால் உடனே காசை எடுத்துவிடுங்கள். சோதிக்க வேண்டுமா? செப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. இதை வெட்டவெளியில் செய்யுங்கள், புகையை முகராதீர்கள்.

பிசுக்குக்கு அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி கூடாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஆய்வகக் கடையில் கிடைக்கும் சுத்த அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, புதிதாக மாற்றி இன்னும் இரண்டு முறை. தேய்க்காதீர்கள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அருகில் எரியக்கூடாது.

களிம்பு:
நோய்க்காசுக்கு: உருப்பெருக்கியில் பார்த்தபடி மூங்கில் பல்குச்சியால் பொடியை மட்டும் கிளறி எடுங்கள். பிறகு 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 23 கிராம், சமையல் சோடா 19 கிராம் கரைத்து ஊறவையுங்கள். பேக்கிங் பவுடர் அல்ல. வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். பல வாரங்கள், சிலநேரம் மாதங்கள்கூட ஆகும். கரைசல் நீலமாக மாறினால் நல்ல களிம்பும் கரைகிறது என்று பொருள், நிறுத்திவிடுங்கள்.

குளோரைடு இன்னும் வருகிறதா என்று சில்வர் நைட்ரேட்டால் பார்க்கலாம். ஆனால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: கார்பனேட்டே வெள்ளையாகத் திரிந்துவிடும். கரைசலில் கொஞ்சம் தனியே எடுத்து, முதலில் அதில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு நுரை அடங்கட்டும், பிறகு ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். அப்போதும் கலங்கினால்தான் குளோரைடு.

செப்புக்காசு:
செம்பு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளான பென்சோடிரையசோல் பூசினால் நோய் முழுதாக நின்றுவிடுமா?

நாணயப்பேழை:
நிற்காது. அது குளோரைடை வெளியே எடுப்பதில்லை, செம்பின்மேல் படலமாக மூடுகிறது. ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அசிட்டோனில் முக்கி நன்கு உலர்த்திய பிறகு, 100 மி.லி. எத்தனாலில் 3 கிராம் பென்சோடிரையசோல் கரைத்து, காசை அதில் 24 மணிநேரம் வையுங்கள். நச்சுப்பொருள், கையுறை கட்டாயம். எடுத்ததும் எத்தனாலில் அலசுங்கள். மேலே பாரலாய்டு பி-72 என்ற தெளிவான அக்ரிலிக் பிசினால் மெல்லிய பூச்சு.

காசை உண்மையில் காப்பது உலர்வுதான். ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா டப்பா, மைலார் (பாலியெஸ்டர்) உறை, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. அளவு 35 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னைக் காற்றில் அதன் இருமடங்கு சாதாரணம், எனவே ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். நோய்க்காசுகளை மட்டும் உறையில்லாமல் வெள்ளைத்தாள்மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை காசைத் தூக்கிப் பார்த்தால், பொடி உதிர்ந்திருந்தால் தாளில் பச்சையாகத் தெரியும்.