ஒரு கிராமுக்கு ஒரு மைதானமாம்!

மணலிக்காரன்:
காலையிலிருந்து எல்லா குரூப்பிலும் ஒரே வீடியோ. "ஒரு கிராம் எம்ஓஎஃப்பை விரிச்சா ஒரு ஃபுட்பால் மைதானம். டிஸ்டிலேஷன் டவருக்கெல்லாம் இனி மூடுவிழா." எம்ஓஎஃப்னா உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்துச் செஞ்ச, நுண்துளை நிறைஞ்ச கூடு; மைதானம்னு அளக்கிறது அந்தத் துளைகளோட உட்பரப்பை. கொதிக்கவெச்சுப் பிரிக்கிற டவருக்குப் பதிலா இதுவே வாயுக்களைப் பிரிச்சிடுமாம். இதுக்கு 2025 வேதியியல் நோபல் கிடைச்சாலும் கிடைச்சது, ஆளாளுக்கு நிபுணர் ஆயிட்டாங்க. அந்த நோபல் வாங்கினவங்கள்ல ஒருத்தரான யாகி 1999ல செஞ்ச எம்ஓஎஃப்-5 கிராமுக்கு சுமார் 2900 சதுர மீட்டர். மைதானம் 105க்கு 68, ஆக 7140. பாதிகூட வரல!

நுண்துளை:
அண்ணே, 2012ல வந்த என்யூ-110ங்கிற எம்ஓஎஃப் கிராமுக்கு 7140. அச்சு அசல் உங்க மைதானம். போதுமா?

மணலிக்காரன்:
வீடியோவுல காட்டுறது எம்ஓஎஃப்-5 படம் தம்பி. நோபல் குழுவே ஓரிரு கிராம்னுதான் எழுதியிருக்கு. அதையும் ஈரக்காத்துல வெச்சா ஸிங்க் பிணைப்புல தண்ணி புகுந்து கூடு சரிஞ்சிடும். அப்புறம் எந்த மைதானத்துல விளையாடுவே?

லேப்கோட்:
மைதானத்தை விடுங்களேன். பிளாஸ்டிக் செய்ற புரொப்பிலீனை, கூடவே வர்ற புரொப்பேன்லேர்ந்து பிரிக்கணும். புரொப்பிலீன் கொதிக்கிறது மைனஸ் 48 டிகிரி, புரொப்பேன் மைனஸ் 42. அந்த 6 டிகிரிக்காக டவருக்குள்ள நூத்துக்கும் மேல தட்டு அடுக்கி, கொதிக்கவெச்சு, குளிரவெச்சு, திரும்பக் கொதிக்கவைக்கிறோம். எத்திலீன், புரொப்பிலீன் சுத்திகரிப்புக்கு மட்டும் உலக எரிசக்தியில 0.3 சதவீதம் போகுதுன்னு ஷோல், லைவ்லினு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2016ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அதே வருஷம் சவூதியில காஸ்ட் பல்கலைக்கழக ஆட்கள் நயோபியம்-நிக்கல் எம்ஓஎஃப் கூடு ஒண்ணு செஞ்சாங்க. புரொப்பிலீன் உள்ளே போகும், புரொப்பேன் வாசல்லயே நிக்கும். இதுல வேலை செய்றது துளையோட அளவு, பரப்பு இல்ல.

மணலிக்காரன்:
எனக்கே தட்டுக் கணக்கா? ராத்திரி ஷிஃப்ட்ல அந்த டவர்ல ஏறி, கையுறை வழியாவே கைப்பிடி சுட இறங்கினவன் நான். ஏசி ரூம் ஆளுங்க பாடம் எடுக்க வேணாம். கேட்டது மைதானம், பதில் மைதானத்துக்கு வரணும்.

சும்மாபடிக்கிறவன்:
கொரோனா நேரத்துல ஆக்ஸிஜன் மெஷின்ல இருந்த சியோலைட்டுங்கிற நுண்துளைக் கனிமமும் இதே மாதிரிதானே?

மணலிக்காரன்:
அதேதான். நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஆக்ஸிஜனை விடும். அதுக்கு எவனும் மைதானம் அளந்து வீடியோ போடல.

நுண்துளை:
போன வருஷம் கிராஃபீன் பத்தின த்ரெட்லயும் இதே பாட்டுதான் பாடினீங்க. புதுசா எது வந்தாலும் பிடிக்காது.

மணலிக்காரன்:
கிராஃபீன் என்னாச்சு? என் பிளான்ட்டுக்கு வந்துச்சா?

லேப்கோட்:
கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்துல ஷிமிசு குழு செஞ்ச கேல்ஃப்-20ங்கிற எம்ஓஎஃப்பைப் பாருங்க. ஈரப்பதம் இருந்தும் கார்பன் டையாக்ஸைடைப் பிடிக்குது. கனடாவுல சிமென்ட் ஆலைப் புகையிலயே ஓட்டிப் பார்த்தாச்சு, ஜெர்மன் ரசாயன கம்பெனி பிஏஎஸ்எஃப் டன் கணக்குல தயாரிக்குது. பரப்பு கிராமுக்கு வெறும் 500 சொச்சம் சதுர மீட்டர்தான்.

மணலிக்காரன்:
500! எல்லாரும் பார்த்துக்கங்க, நான் சொல்லல, அவரே சொல்றார். மைதானம் 500ஆ?

லேப்கோட்:
ஐயா, நான் சொல்ல வந்தது...

மணலிக்காரன்:
500. அவ்வளவுதான்.

சும்மாபடிக்கிறவன்:
கிரிக்கெட் மைதானம்னா எவ்வளவு கிராம் ஆகும்?

லேப்கோட்:
இந்த த்ரெட்டுக்கு இனி நோட்டிஃபிகேஷன் ஆஃப்.

நுண்துளை:
2018ல ஜெர்மனியில டிரெஸ்டன்ல வந்த டியூடி-60ங்கிற எம்ஓஎஃப் கிராமுக்கு 7800க்கும் மேல. மைதானம் போக மிச்சத்துல கேலரி கட்டிக்கங்க அண்ணே.

மணலிக்காரன்:
கேலரி இருக்கட்டும். அதை ஒரு டன் எங்க வாங்கலாம், என்ன விலை? முதல்ல அதைச் சொல்லு.

நுண்துளை:
7140ஐ ஒத்துக்கங்க, அப்புறம் விலை சொல்றேன்.